2 ஜிபி நினைவகம் கொண்ட பழைய மடிக்கணினிக்கு எந்த இயங்குதளம் பொருந்தும்?

மன்னை ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், என் மகள் பிளஸ் டூ படித்த 2012ஆம் ஆண்டில் அவளுக்குக் கிடைத்த மடிக்கணினி இப்போது என்னிடம் இருக்கிறது. கல்லூரிப் படிப்பு முழுவதையும் அவள் அதிலேயே முடித்தாள். ஓசூரில் வேலைக்குச் சேர்ந்து சொந்தமாகப் புதிய கணினி வாங்கிய பிறகு, நான்கு ஆண்டுகளாக அது அலமாரியில் கிடந்தது. சென்ற மாதம் எடுத்துப் பார்த்தேன். திரையும் விசைப்பலகையும் குறையில்லாமல் இருக்கின்றன.

இன்டெல் பென்டியம் பி950 செயலி, 2 ஜிபி நினைவகம், 320 ஜிபி வன்தட்டு. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும், விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமாகிய லினக்ஸில் பாஸ் என்ற வகையும் அதில் இருக்கின்றன. கணினியைத் திறந்து உலாவி வருவதற்கே ஐந்து நிமிடம் ஆகிறது. குரோம் உலாவி இனிமேல் புதுப்பிக்கப்படாது என்று அறிவிப்பு வருகிறது. இது போதாதென்று, மின்சாரம் போய் பேட்டரியும் தீர்ந்துவிட்டால் கணினியின் தேதி 2011க்குப் போய்விடுகிறது. அப்போது வங்கி, செய்தித்தாள் எதைத் திறந்தாலும் அந்தத் தளம் பாதுகாப்பற்றது என்று உலாவி தடுத்துவிடுகிறது.

எனக்குத் தேவையானவை குறைவு. என் தந்தையார் 1960களிலிருந்து எழுதிவந்த வேளாண் குறிப்பேடுகள் பதினொன்று என்னிடம் இருக்கின்றன. மேட்டூரில் தண்ணீர் திறந்த நாள், அது எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்த நாள், குறுவைக்கும் சம்பாவுக்கும் எந்த வயலில் எந்த நெல் விதைத்தார், என்ன கண்டது என்றெல்லாம் ஆண்டுவாரியாக எழுதியிருக்கிறார். தாள்கள் ஓரத்தில் உதிரத் தொடங்கிவிட்டன. அவை முழுவதையும் தமிழில் தட்டச்சு செய்து வைக்க விரும்புகிறேன். அத்துடன் யூடியூபில் சில உரைகள், பேரனுடன் வாரம் ஒருமுறை காணொலி அழைப்பு, அவ்வளவுதான்.

இங்குள்ள ஒரு பழுதுபார்ப்புக் கடையில் கேட்டேன். கணினியின் பண்புகளில் 32 பிட் என்று காட்டுவதால் இதற்குப் புதிதாக எதுவும் பொருந்தாது, வேண்டுமானால் உரிமம் இல்லாத விண்டோஸ் 10 பிரதி ஒன்றைப் போட்டுத் தருகிறோம் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. லினக்ஸ் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேனே தவிர, பயன்படுத்தியதில்லை. பள்ளியில் வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்த வினாத்தாள்களும் கட்டுரைகளும் இதே வன்தட்டில் இருக்கின்றன. அவற்றை இழக்கக் கூடாது. எனக்குத் தெரிந்தது பழைய தட்டச்சுப்பொறி முறை மட்டுமே. லோயர் தேர்வு எழுதித் தேறியது. அறுபத்து மூன்று வயதில் புதிதாகத் தொடங்கும் ஒருவருக்கு எந்த இயங்குதளம் ஏற்றது என்று விளக்கமாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கொல்லைப்புறம் எழுதியது:

வணக்கம் அம்மா. உங்கள் கணினி 32 பிட் என்றால் ஆன்டிஎக்ஸ் 23 என்ற லினக்ஸ் வகையைப் பரிந்துரைப்பேன். அது டெபியன் என்ற மற்றொரு லினக்ஸின் 12ஆம் பதிப்பை அடிப்படையாகக் கொண்டது. 32 பிட், 64 பிட் இரண்டுக்கும் கிடைக்கிறது. முழு மேசைத்தளச் சூழலுக்குப் பதிலாக ஐஸ்டபிள்யூஎம் என்ற சிறிய சாளர மேலாளரைப் பயன்படுத்துவதால், 512 எம்பி நினைவகம் உள்ள கணினியில்கூட இயங்கிவிடும். என்னிடம் 2009ஆம் ஆண்டின் ஆட்டம் என்270 செயலி கொண்ட சிறிய மடிக்கணினி ஒன்று இருக்கிறது. அதில் மூன்று ஆண்டுகளாக இதைத்தான் வைத்திருக்கிறேன். உங்களிடம் இருப்பது அதைவிட வலிமையானது.

ஒரு குறையை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆன்டிஎக்ஸின் பட்டியல்களும் அமைப்புப் பக்கங்களும் விண்டோஸுக்குப் பழகியவர்களுக்கு முதலில் அந்நியமாகத் தோன்றும். வைஃபை அமைப்பதற்கும் ஒலியைச் சரிசெய்வதற்கும் தனித்தனிச் செயலிகளைத் தேட வேண்டியிருக்கும். ஒருவர் அருகில் அமர்ந்து முதல் இரண்டு நாள் காட்டிக்கொடுத்தால் பழகிவிடலாம்.

ரிச்சி தெரு பழுதுநர் எழுதியது:

அம்மா, முந்தைய மறுமொழி நல்லெண்ணத்துடன் எழுதப்பட்டது. ஆனால் அது கடையில் உங்களுக்குச் சொன்ன ஒரு பிழையான செய்தியின் மேல் நிற்கிறது. உங்கள் கணினி 32 பிட் அன்று. (32 பிட், 64 பிட் என்பவை செயலி ஒரே நேரத்தில் கையாளும் தரவின் அளவைக் குறிப்பவை.) பென்டியம் பி950 என்பது 2011இல் வந்த, இரண்டு கருக்கள் கொண்ட 64 பிட் செயலி. அதில் நிறுவப்பட்டிருக்கும் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர்தான் 32 பிட். அந்தப் பதிப்பை மைக்ரோசாஃப்ட் 64 பிட்டில் வெளியிடவே இல்லை. பண்புகள் பக்கம் காட்டுவது நிறுவியிருக்கும் இயங்குதளத்தின் வகையைத்தான். செயலியின் திறன் வேறு. நேரில் பார்க்க விரும்பினால் கண்ட்ரோல் பேனலில் கணினியின் செயல்திறன் தகவல் பக்கத்துக்குச் சென்று விரிவான விவரங்களைத் திறவுங்கள். 64 பிட்டுக்குத் தகுதி உண்டா என்ற வரிக்கு எதிரே ஆம் என்று இருக்கும். இந்த ஒரு வரியைப் பார்க்காததால் நல்ல நிலையில் உள்ள எத்தனையோ மடிக்கணினிகள் எடைக்குப் போவதை என் பணியில் கண்டிருக்கிறேன். அது எனக்கு மிகவும் வருத்தம் தருவது.

இது ஏன் முக்கியம் என்றால், 32 பிட் கணினிகளுக்கான பாதை வேகமாக மூடிக்கொண்டு வருகிறது. லினக்ஸில் 32 பிட் குரோம் 2016லேயே நிறுத்தப்பட்டுவிட்டது. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13க்கு 32 பிட் நிறுவி கிடையாது. பயர்பாக்ஸும் 145ஆம் பதிப்பிலிருந்து 32 பிட் லினக்ஸைக் கைவிட்டுவிட்டது. வங்கித் தளத்தைத் திறக்கும் ஒருவருக்குப் புதுப்பிக்கப்படாத உலாவி ஏற்றதன்று. அதே காரணத்தால் 2020 ஜனவரியில் ஆதரவு முடிந்த விண்டோஸ் 7ஐயும் இனி இணையத்தோடு சேர்க்காதீர்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிந்துவிட்டது. ஆகவே கடையில் சொன்ன யோசனையை நீங்கள் மறுத்தது எல்லா வகையிலும் சரியே.

இனி வன்பொருள். எந்த லினக்ஸ் என்று தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் மூன்று பொருள்களை மாற்றுங்கள். உங்கள் கணினியின் வேகத்தை முடிவு செய்யப்போவது இயங்குதளத்தின் பெயரைவிட இவைதான். முதலாவது மிகவும் மலிவானது: மதர்போர்டில் உள்ள சிஆர்2032 வகைப் பொத்தான் பேட்டரி. அது தீர்ந்துவிட்டதால்தான் தேதி பின்னோக்கிப் போகிறது. தேதி தவறினால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் இன்னும் நடைமுறைக்கே வராதவை என்று உலாவி கணக்கிட்டுத் தடுக்கிறது. இயங்குதளத்தை மாற்றினாலும் இந்தத் தொல்லை தொடரும் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். சில மடிக்கணினிகளில் இந்தப் பேட்டரி ஒயருடன் இணைந்திருக்கும். அப்படியானால் அதே இணைப்பி உள்ளதாகக் கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டாவது, வன்தட்டுக்குப் பதிலாக 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகம். ஐந்து நிமிடக் காத்திருப்பில் பெரும்பகுதி சுழலும் வன்தட்டினால் வருவது. நினைவகம் போதாதபோது கணினி வன்தட்டையே தற்காலிக நினைவகமாகப் பயன்படுத்துகிறது. அப்போது ஒவ்வொரு சிறு செயலுக்கும் தட்டின் முள் அங்குமிங்கும் ஓட வேண்டியிருக்கிறது. எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும்; அந்தக் காலத்து மடிக்கணினிகளில் பெரும்பாலும் 9.5 மில்லிமீட்டர் இடம் விட்டிருப்பார்கள், அதனால் தாராளமாகப் பொருந்தும். 240 ஜிபி அளவே உங்களுக்கு மிகுதி.

எஸ்எஸ்டி வாங்குவதில் இன்னொரு நன்மை இருக்கிறது. பழைய வன்தட்டை அழிக்க வேண்டியதில்லை. அதைக் கழற்றி ஒரு யுஎஸ்பி உறையில் போட்டு வைத்தால், உங்கள் வினாத்தாள்கள் அனைத்தும் அப்படியே பத்திரமாக இருக்கும். லினக்ஸ் பிடிக்கவில்லை என்றால் அதே தட்டைத் திரும்ப மாட்டிப் பழைய நிலைக்குப் போய்விடலாம். எனினும் அந்தத் தட்டுக்கும் பதின்மூன்று வயதுக்கு மேல் ஆகிவிட்டது. முக்கியமான கோப்புகளை இன்னோர் இடத்திலும் படி எடுத்து வையுங்கள்.

மூன்றாவது, நினைவகம். டிடிஆர்3 வகையில் 4 ஜிபி ஒன்றைக் கூடுதலாகப் போடுங்கள். டிடிஆர்3எல் என்று எழுதியிருந்தாலும் இந்தக் கணினியில் வேலை செய்யும். டிடிஆர்4 பொருந்தவே பொருந்தாது. பழைய நினைவகத் துண்டுகள் பரிசோதித்துத் தரப்படுவதுண்டு. புதிதுதான் வேண்டும் என்பதில்லை.

இவற்றைச் செய்தால் நான் பரிந்துரைப்பது லினக்ஸ் மின்ட்; அதிலும் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலேசான மேசைத்தளம் கொண்ட பதிப்பு. அதன் 22 என்ற வரிசை, உபுண்டு என்ற லினக்ஸின் 24.04 பதிப்பை அடிப்படையாகக் கொண்டது. 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வரும். கீழே பணிப்பட்டை, இடது மூலையில் பட்டியல், வலது மூலையில் கடிகாரம் என்று நீங்கள் பழகிய அதே ஒழுங்கில் இருக்கும். பயர்பாக்ஸும் லிப்ரே ஆபீஸும் முன்னதாகவே நிறுவப்பட்டிருக்கும். புதியவருக்கு இதைவிடக் குறைவாகக் குழப்பம் தரும் ஒன்றை நான் பார்க்கவில்லை.

கொல்லைப்புறம் எழுதியது:

திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன், செயலியின் பெயரைத் தேடிப் பார்க்காமல் எழுதிவிட்டது என் தவறு. ஆயினும் ஒன்றைப் பதிவு செய்ய விரும்புகிறேன். அம்மாவால் நினைவகத்தை இப்போது கூட்ட முடியவில்லை என்றால், 2 ஜிபியில் மின்ட் திணறும். தொடங்கியவுடனேயே அது 700 எம்பி அளவுக்கு எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் உலாவியின் மூன்று பக்கங்கள் திறந்தால் இடம் தீர்ந்துவிடும். அந்த நிலையில் எல்எக்ஸ்கியூடி மேசைத்தளத்துடன் டெபியன் 13ஐ 64 பிட்டில் நிறுவுவது நல்லது. நினைவகத்தின் ஒரு பகுதியைச் சுருக்கி வைத்துப் பயன்படுத்தும் இசட்ராம் என்ற வசதியையும் அதில் இயக்கிக்கொள்ளலாம். ஆனால் இலேசான இயங்குதளம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. யூடியூபோ மின்னஞ்சலோ திறந்தவுடன் நினைவகத்தைத் தின்பது உலாவி. அது எல்லா லினக்ஸிலும் ஒன்றுதான். ஆகவே 4 ஜிபி துண்டு வாங்க முடிந்தால் பழுதுநர் ஐயா சொன்னதே சிறந்த வழி.

தட்டச்சு மேசை எழுதியது:

ஆசிரியை அம்மாவுக்கு வணக்கம். வன்பொருள் பற்றி இருவரும் எழுதிவிட்டார்கள். உங்கள் முதன்மையான தேவை தமிழ்த் தட்டச்சு. அதைப் பற்றிச் சொல்கிறேன்.

லினக்ஸில் தமிழ் எழுதுவதற்கு ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளையும் அதற்கான எம்17என் தொகுப்பையும் மின்டின் மென்பொருள் மேலாளரிலிருந்து நிறுவ வேண்டும். அதன் பட்டியலில் தமிழுக்குத் தமிழ்99, ஒலிபெயர்ப்பு முறை ஆகியவற்றுடன் தட்டச்சுப்பொறி முறையும் இருக்கிறது. நீங்கள் லோயர் தேர்வுக்குப் பழகிய விரல் அமைப்பை மறக்க வேண்டியதில்லை. சில குறியீடுகள் மட்டும் இடம் மாறியிருப்பதாகத் தோன்றலாம். நான் பழகிக்கொள்ள ஒரு வாரம் பிடித்தது. பதினொரு குறிப்பேடுகள் என்பது நீண்ட பணி என்பதால் தமிழ்99ஐயும் ஒருமுறை முயன்று பாருங்கள். அதில் ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாகவே விழும். விரல்களுக்கு மிச்சமாகும் உழைப்பு, பக்கங்கள் கூடக்கூடத் தெரியும். ஆனால் கட்டாயம் ஒன்றும் இல்லை.

இப்போது மிகவும் முக்கியமான செய்தி. வானவில் எழுத்துருவில் உள்ள உங்கள் கோப்புகள், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையாகிய ஒருங்குறியில் (யூனிகோட்) இல்லை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். லினக்ஸுக்கு மாறிய பிறகு அப்படிப் பார்த்தால் கோப்புகள் கெட்டுவிட்டன என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே முன்கூட்டிச் சொல்கிறேன். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றித் தரும் என்எச்எம் கன்வர்ட்டர் விண்டோஸில் இயங்குவது. ஆகவே பழைய வன்தட்டைக் கழற்றுவதற்கு முன்பே, இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஒவ்வொரு கோப்பாக மாற்றிச் சேமித்துவிடுங்கள். மாற்றிய பிறகு கொம்பு, கால், ஒற்று ஆகியவற்றைக் கண்ணால் ஒருமுறை படித்துச் சரிபாருங்கள். கொம்பு முன்னால் வரும் எழுத்துகளில் சில நேரம் பிழை நேரும். எழுத்துருக் கோப்பையும் ஒரு பென் டிரைவில் படி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

யூடியூபைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. உங்கள் செயலி எச்.264 வகைக் காணொலியை வன்பொருளிலேயே விரிக்கவல்லது; யூடியூப் இப்போது வழக்கமாக அனுப்பும் விபி9 வகையை விரிக்கும் வன்பொருள் அதில் இல்லை. அதனால் முழுச் சுமையும் செயலியின் மேல் விழுந்து விசிறி இரையும். எச்.264ஐயே கேட்டு வாங்கும் சிறிய நீட்சி பயர்பாக்ஸுக்குக் கிடைக்கிறது. அதைச் சேர்த்து, 480 என்ற தரத்தில் பார்த்தால் உரைகளைத் தடையின்றிக் கேட்கலாம்.

மன்னை ஆசிரியை எழுதியது:

மூவருக்கும் என் நன்றி. மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். செயல்திறன் தகவல் பக்கத்தில் நீங்கள் சொன்ன வரியைப் பார்த்தேன். ஆம் என்றே இருந்தது. முதல் வாரம் முழுவதும் வானவில் கோப்புகளை மாற்றுவதில் சென்றது. 140 கோப்புகள். கொம்பில் பிழை வரும் என்று சொன்னது உண்மைதான். 'கொ', 'கோ' வரும் இடங்களில் ஏறக்குறைய முப்பது திருத்தங்கள் செய்தேன். அதன் பிறகே கணினியைத் திறக்க அனுமதித்தேன்.

பொத்தான் பேட்டரி, எஸ்எஸ்டி, 4 ஜிபி நினைவகம் மூன்றையும் தஞ்சாவூரில் ஒரு கடையில் மாற்றிக்கொண்டேன். மின்டைப் பென் டிரைவில் எழுதும்போதுதான் ஓர் இடையூறு ஏற்பட்டது. அதற்கான ரூஃபஸ் என்ற செயலியின் புதிய பதிப்பு விண்டோஸ் 7இல் இயங்கவில்லை. விடுமுறைக்கு வந்த மகள் தன் கணினியில் எழுதித் தந்தாள். பென் டிரைவிலிருந்து இயக்கிப் பார்த்தபோது மிக மெதுவாக இருந்ததால் மனம் தளர்ந்தேன். ஆனால் எஸ்எஸ்டியில் நிறுவிய பிறகு அந்த மந்தம் இல்லை. நாற்பது வினாடிக்குள் உலாவி திறந்துவிடுகிறது. வைஃபை முதலில் வேலை செய்யவில்லை. கைப்பேசியை யுஎஸ்பி ஒயரில் இணைத்து அதன் இணையத்தைக் கொடுத்ததும், இயக்கி மேலாளர் என்ற பக்கம் தேவையான மென்பொருளைத் தானே கண்டுபிடித்து நிறுவியது.

முதல் குறிப்பேட்டில் இருபத்திரண்டு பக்கங்கள் முடிந்துவிட்டன. தட்டச்சுப்பொறி முறையிலேயேதான் அடிக்கிறேன். ஒன்றை மட்டும் கேட்க வேண்டும். புதுப்பிப்பு மேலாளரில் ஒருநாள் 22 வரிசையின் அடுத்த பதிப்புக்கு மாறலாம் என்று காட்டியது. நன்றாக ஓடுவதைத் தொட அச்சமாக இருக்கிறது. மாறித்தான் ஆக வேண்டுமா?

ரிச்சி தெரு பழுதுநர் எழுதியது:

மிக்க மகிழ்ச்சி அம்மா. மாறியே ஆக வேண்டும் என்பதில்லை. 22 வரிசைக்குள் உள்ள எல்லாப் பதிப்புகளுக்கும் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2029 வரை வரும். கேடய அடையாளத்தில் வரும் அந்தப் புதுப்பிப்புகளை மட்டும் வாரம் ஒருமுறை தவறாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். பிற்பாடு பதிப்பு மாற விரும்பினால், அதற்கு முன் டைம்ஷிஃப்ட் என்ற செயலியில் கணினியின் நிலையை ஒருமுறை பதிவு செய்துகொள்ளுங்கள். ஏதேனும் பிசகினால் அந்த நிலைக்குத் திரும்பிவிடலாம். ஆனால் டைம்ஷிஃப்ட் இயங்குதளத்தை மட்டுமே காக்கும். உங்கள் கோப்புகளை அது இயல்பாகப் படி எடுக்காது. ஆகவே தட்டச்சு செய்த பக்கங்களை ஒவ்வொரு வாரமும் ஒரு பென் டிரைவிலும் மகளின் கணினியிலும் தனியாகச் சேர்த்து வையுங்கள்.